ஒன்றரை வயதுப் பிள்ளையுடன் ஆரியங்காவு தாண்டிப் போகலாமா?

செங்கோட்டையைச் சேர்ந்த ஒரு தாய் கேட்டிருப்பது இது. மே இரண்டாம் வாரத்தில், சொந்தக் காரில், நான்கு வயது மகளையும் ஒன்றரை வயது மகனையும் அழைத்துக்கொண்டு புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை, கொல்லம், ஆலப்புழை பார்த்துவிட்டு, அங்கிருந்து மூணாறு ஏறி, போடிமெட்டு வழியாக இறங்கி ஐந்தாம் நாள் வீடு திரும்பத் திட்டம். மகளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். மகன் தொட்டிலில் போட்டால்தான் தூங்குவான். "கைப்பிள்ளையை இந்த வெயிலில் மலையும் கடலுமாக இழுத்துக்கொண்டு போக வேண்டுமா, பள்ளிக்கூடம் போகிற வயது வரட்டும்" என்று மாமியார் தடுக்கிறார். என்னென்ன மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டு அந்தத் தாய் முடித்திருக்கிறார். இரண்டு முறை படித்துப் பார்த்தபோது, பட்டியலுக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருப்பது தெரிந்தது. இந்த வயதில் பிள்ளைகளை அழைத்துச் செல்வது தவறா, தவறில்லை என்றால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார்.

தென்காசி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தை மருத்துவம் பார்த்து வருகிறேன். கேரளத்திற்குப் போய்த் திரும்பும் வழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வரும் குடும்பங்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: இரண்டு பிள்ளைகளும் இப்போது நலமாக இருந்தால், தடுப்பூசிகள் தவறாமல் போடப்பட்டிருந்தால், தாராளமாகப் போகலாம். மாமியாரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அவர் பயப்படும் இடத்தில் ஆபத்து அதிகம் இல்லை. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால், அந்தப் பயம் தேவையில்லை. சளி பிடித்த பிள்ளைக்கு மலை இறங்கும்போது காது அடைத்து வலிக்கக்கூடும். அப்போது ஒரு வாய் தண்ணீரோ பாலோ விழுங்கக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வண்டியில் பிள்ளை எங்கே உட்காருகிறது, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, எந்தத் தண்ணீரில் இறங்குகிறது என்ற மூன்றில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இந்த மூன்றையும் பற்றிப் பெரும்பாலான பெற்றோர் என்னிடம் கேட்பதே இல்லை.

உட்காரும் இடத்தை முதலில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகலில், ஏறக்குறைய உங்கள் மகனின் வயதில் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு இளம் தம்பதியர் வந்தார்கள். தாய் முன் இருக்கையில் பெல்ட் போடாமல், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். புளியரை எஸ் வளைவில் முன்னால் போன லாரி நின்றுவிட, கணவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். வேகம் முப்பது கிலோமீட்டர்கூட இருந்திருக்காது. பையனின் புருவம் டேஷ்போர்டில் மோதிப் பிளந்து, மேல்வரிசைப் பால்பல் ஒன்று உடைந்திருந்தது. நான் தையல் போட்டு முடிக்கும் வரை அந்தத் தாய், "நான் கையை விடவே இல்லை டாக்டர், இறுக்கித்தான் பிடித்திருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மைதான். அவர் கையை விடவில்லை. பிள்ளையோடு சேர்ந்து அவரும் முன்னால் போய்விட்டார். வண்டி நிற்கும்போது உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் போகும் என்பதால், பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளையைக் கையால் நிறுத்தி வைக்க எவராலும் முடியாது. பிள்ளையையும் தன்னையும் ஒரே பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டிக்கொள்வது இன்னும் மோசமானது. பெரியவரின் எடை முழுவதும் பிள்ளையின் நெஞ்சில் இறங்கிவிடும்.

ஆகவே இந்தப் பயணத்திற்காக ஒரே ஒரு பொருளுக்குப் பணம் செலவழிக்க முடியும் என்றால், அது குழந்தை இருக்கையாக இருக்கட்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டியில் கொண்டு செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு. நான் வற்புறுத்துவது அபராதத்திற்காக அல்ல. உங்கள் மகனுக்குப் பின்னோக்கிப் பார்க்கும் இருக்கை, மகளுக்கு முன்னோக்கிப் பார்க்கும் வார் வைத்த இருக்கை, இரண்டும் பின் சீட்டில் பொருத்தப்பட வேண்டும். காற்றுப் பை உள்ள முன் சீட்டில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. பை விரியும் வேகமே பிள்ளையைக் கொல்லப் போதுமானது. பொருத்தியபின் பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்திற்கு மேல் அசையக் கூடாது. தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், துணி மடிப்பாகக் கையில் வரக் கூடாது. தெரிந்தவர்களிடம் இரவல் வாங்குவதில் தவறில்லை, அது முன்பு விபத்தில் சிக்கியதாக மட்டும் இருக்கக் கூடாது. பழக்கமில்லாத பிள்ளை முதல் நாள் கத்தித் தீர்த்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே இருக்கையைப் பொருத்தி, தென்காசி வரை, இலஞ்சி வரை என்று சின்னச் சின்னதாக ஓட்டிப் பழக்குங்கள். ஐந்தாறு முறை போய் வந்தபின் பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தங்கள் இடமாக ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பால் கொடுக்க வேண்டும் என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொடுங்கள். ஓடும் வண்டியில் எடுத்து மடியில் வைத்தால் இருக்கை வாங்கியதே வீண்.

அடுத்தது மகளின் வாந்தி. பயண வாந்தி பெரும்பாலும் 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே வரும். உடம்பு வளைந்து வளைந்து போகிறது என்று உள்காது சொல்ல, முன் சீட்டின் முதுகை மட்டும் பார்க்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சொல்ல, இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் தொடங்குகிறது. எனவே மகளை வெளியே தொலைவில் இருக்கும் மலையைப் பார்க்க வையுங்கள். கையில் செல்பேசியோ படப் புத்தகமோ கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். கார் வாசனைத் திரவியத்தை எடுத்துவிடுங்கள். மூடிய ஏசி வண்டிக்குள் தலை நிறைய மல்லிகைப் பூவும் வேண்டாம். அந்த வாசனையே சில பிள்ளைகளுக்குக் குமட்டலைக் கிளப்பிவிடும். வண்டி ஓட்டும் உங்கள் கணவரிடம், வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிக்காமல் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் எந்த மருந்தையும்விட இது நன்றாக வேலை செய்கிறது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. எலுமிச்சம்பழம் முகர்வது, இஞ்சி மிட்டாய் சப்புவது ஆகியவற்றுக்குக் குழந்தைகளிடம் நல்ல ஆய்வுச் சான்று இல்லை. எலுமிச்சையில் கேடு ஒன்றுமில்லை, மகளுக்குப் பிடித்திருந்தால் கொடுங்கள். இஞ்சி மிட்டாய் கெட்டியாக இருக்கும் என்பதால் நான்கு வயதுக்குத் தொண்டையில் சிக்கும் பயம் உண்டு, வேண்டாம். வயிற்றுப்போக்கின்போது எழுதிக் கொடுத்த வாந்தி மருந்து, ஆன்டான்செட்ரான், பல வீடுகளில் மிச்சம் இருக்கும்; அது பயண வாந்திக்கு அவ்வளவாக உதவாது. பயண வாந்திக்கு விற்கப்படும் புரோமெத்தசின் மூச்சை அடக்கிவிடக்கூடும் என்பதால் 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தரவே கூடாது. மகளுக்கு மருந்து தேவை என்று தோன்றினால், எடை பார்த்து உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பிள்ளையைப் பார்க்காமல் நான் இங்கே அளவு எழுதுவது முறையாகாது. ஒன்றரை வயது மகன் மலையில் வாந்தி எடுத்தால் அதைப் பயண வாந்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வயதில் அது அரிது. பால் அதிகமாகக் குடித்திருக்கலாம், இருமி வாந்தி எடுத்திருக்கலாம், காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ தொடங்கியிருக்கலாம்.

திட்டத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ஐந்து நாளில் இது அதிகம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் ஏறத்தாழ 95 கிலோமீட்டர், அங்கிருந்து ஆலப்புழை இன்னும் 85 கிலோமீட்டர் போல. இவை இரண்டும் பிள்ளைகளுக்குத் தாங்கக்கூடிய தொலைவுகள். ஆலப்புழையிலிருந்து மூணாறு ஏறுவதும், மறுநாளோ அதற்கு மறுநாளோ தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, தேனி, இராஜபாளையம் தாண்டி வீடு வருவதும் வேறு கணக்கு. சிறு பிள்ளைகள் இருக்கும் வண்டிக்கு, வரைபடம் காட்டும் நேரத்தோடு அதில் பாதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பல குடும்பங்களிடமிருந்து கற்றிருக்கிறேன். தென்மலை, கொல்லம், ஆலப்புழை என்று இப்போது நிறுத்திக்கொண்டு, மூணாற்றைப் பூஜா விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள் என்பேன். ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கினால்தான் பிள்ளைகளின் வயிறும் தூக்கமும் ஒழுங்குக்கு வரும். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினால், பிள்ளைகள் அரைத் தூக்கத்திலேயே கோட்டைவாசல் ஏறிவிடுவார்கள், வெயில் ஏறும் முன் தென்மலையில் காலை உணவு சாப்பிடலாம். மே மாதத்தில் மலையில் பிற்பகலுக்கு மேல் இடியும் மழையும் வருவது வழக்கம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1; 2025-இல் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. ஆகவே இரண்டாம் வாரத்தை மூன்றாம், நான்காம் வாரத்திற்குத் தள்ளாதீர்கள், மாலை நான்கு மணிக்கு மேல் மலைப்பாதையில் இருக்காதீர்கள்.

வெயிலைப் பொறுத்தவரை, வெளியே நடப்பதைவிட நிறுத்தி வைத்த வண்டிதான் கொடியது. வெளியே 35 டிகிரி இருந்தால், மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 45 டிகிரியைத் தொடும், அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. பிள்ளை தூங்குகிறது, எழுப்ப வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறைகூட வரக் கூடாது. இன்னொரு குடும்பமும் தனி வண்டியில் உடன் வருவதாக இருந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகன் யார் கையில் இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அவர்களோடு இருப்பான் என்று இவர்களும், இவர்களோடு இருப்பான் என்று அவர்களும் நினைத்துக்கொள்ளும் நேரத்தில்தான் பிள்ளை தனியாக விடப்படுகிறது. வெயிலில் நின்ற வண்டியில் ஏற்றும்முன் பெல்ட்டின் இரும்புக் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள், தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போதே ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போங்கள்.

உணவில் பயப்பட ஒன்றுமில்லை. இடியாப்பம், ஆப்பம், புட்டோடு பிசைந்த பழம், ஆவியில் வேகவைத்த ஏத்தம்பழம் என்று ஒன்றரை வயதுக்கு ஏற்ற உணவு மலையைத் தாண்டினால் எங்கும் கிடைக்கும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி போதும், தேங்காய்ச் சட்னி வேண்டாம், அதுதான் முதலில் கெடும். ஆனால் ஒன்றில் மிகக் கண்டிப்பாக இருங்கள். வழியெங்கும் விற்கும் நேந்திரங்காய் சிப்ஸையும், வேர்க்கடலையையும், முழுத் திராட்சையையும் மகனுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஓடும் வண்டியில் மகளுக்கும் வேண்டாம். சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ மெல்லும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீரில்தான் இன்னொரு எச்சரிக்கை. கேரள உணவகங்களில் சீரகமோ பதிமுகம் என்ற மரச்சீவலோ போட்ட வெந்நீர் வைப்பது நல்ல வழக்கம். அதைக் கொதிக்கக் கொதிக்க வைத்தால், நீங்களே ஆற வைத்துப் பிள்ளைக்குக் கொடுங்கள். வெதுவெதுப்பாக வைத்தால், அது ஆறிய வெந்நீரா, பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றியதா என்று தெரியாது, கொடுக்க வேண்டாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ அங்கே அண்மை ஆண்டுகளில் பல ஊர்களில் பரவியது இத்தகைய தண்ணீர் வழியாகத்தான். வீட்டிலிருந்து காய்ச்சி ஆற்றிய நீரைப் பெரிய பிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் ஒன்றுதான் மருந்துப் பெட்டியின் உயிர். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாக்கெட்டில் கொஞ்சத்தை டம்ளரில் போட்டுக் கலக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உப்பு கூடிப்போனால் பிள்ளைக்கு அது மருந்தாகாமல் கேடாகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்திற்குப் பின் கொட்டிவிட வேண்டும். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றோட்டத்திற்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, மகளுக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களைப் பெயரை நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதும் இதனால்தான். பிள்ளை ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லை, கண் குழிந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி என்றால், அதற்கு மேல் விடுதி அறையில் காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் இரு மாநிலங்களிலும் அதே எண்தான்.

இனி இறங்கும் தண்ணீர். பாலருவியோ குற்றாலமோ, மேலே மலையில் மழை பெய்தால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துச் சென்ற வெள்ளம் அப்படித்தான் வந்தது. நம் ஊரில் யாரும் அதை மறந்திருக்க மாட்டோம். சிறு பிள்ளைகளை அருவியைப் பார்க்க மட்டும் அழைத்துச் செல்லுங்கள், குளிக்க வேண்டாம். தேங்கிய குளங்களிலும் ஓடாத நீர்நிலைகளிலும் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். கேரளத்தில் 2024, 2025-இல் பேசப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சலின் நெக்லேரியா வகை, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்ந்து, மூக்கில் ஏறும் தண்ணீர் வழியாகவே மூளைக்குப் போகிறது. குடித்தால் வராது. மிக மிக அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை என்பதால், தவிர்க்க முடிவதைத் தவிர்ப்பதே சரி. கொல்லம் கடற்கரையில் மணலில் விளையாடலாம், அலையில் கால் வைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காற்றோ மழையோ இல்லாமலே திடீரென்று கரையேறும் அலையைக் கள்ளக்கடல் என்று அங்கே சொல்வார்கள். எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறதா என்று அன்று காலையே பார்த்துவிடுங்கள். ஆலப்புழையில் படகு ஏறுவதாக இருந்தால், பிள்ளைகளின் அளவுக்கான மிதவைச் சட்டை இருக்கிறதா என்று ஏறும்முன் கேளுங்கள், இல்லை என்றால் முன்பணம் போனாலும் ஏறாதீர்கள். மலப்புரம் மாவட்டம் தானூரில் 2023 மே 7 அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

நீங்கள் கேட்ட பட்டியல் மிகச் சிறியது. ஓஆர்எஸ், வயிற்றுப்போக்குக்கு மருத்துவர் எழுதித் தந்த துத்தநாக (ஜிங்க்) மருந்து, பாராசிட்டமால், வெப்பமானி, காயத்துணி, ஏற்கெனவே இழுப்பு இருந்தால் இன்ஹேலரும் ஸ்பேசரும். பாராசிட்டமாலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பதறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை மில்லி என்பதை மருத்துவர் கையாலேயே புட்டியில் எழுதி ஒட்டி வாங்குங்கள். இருமல் மருந்து எதையும் எடுக்க வேண்டாம், இந்த வயதில் அதனால் பயனில்லை. மகனுக்கோ மகளுக்கோ முன்பு காய்ச்சல் வலிப்பு வந்திருந்தாலும், பிறவி இதயக் கோளாறு இருந்தாலும், நான் மேலே சொன்ன 'தாராளமாகப் போகலாம்' என்பது உங்களுக்குப் பொருந்தாது; பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவரின் சொல்லையே கேளுங்கள்.

தொட்டிலைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள், ஆனால் முதல் இரவு உங்களைப் படுத்தப்போவது அதுவாகத்தான் இருக்கும். தொட்டில் சேலையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் விடுதி அறையின் கொக்கியிலோ மின்விசிறிக் கம்பியிலோ கட்ட வேண்டாம். அது எவ்வளவு எடை தாங்கும் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தரையில் மெத்தையைப் போட்டு, அதன் மேல் அந்தச் சேலையைத் துவைக்காமல் அப்படியே இறுக்கமாக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, மகனைப் படுக்க வைத்து, வீட்டில் தொட்டிலை ஆட்டும் அதே தாளத்தில் முதுகைத் தட்டிக்கொடுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் ஆகலாம். மறுநாள் அவ்வளவு ஆகாது.